வாளையாறு தாண்டிக் குடியேறுகிறவர்களுக்கு: பாலக்காட்டு எல்லை ஊர்களில் முதல் ஓராண்டு

கோவையிலிருந்தும் பொள்ளாச்சியிலிருந்தும் பாலக்காடு மாவட்டத்துக்குக் குடிபோகிறவர்கள் எப்போதும் உண்டு. கஞ்சிக்கோட்டில் கம்பெனி வேலை, ஒலவக்கோட்டில் ரயில்வே வேலை, கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தோட்டம், இல்லையென்றால் கல்யாணம். கிளம்புமுன் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "மலையாளம் தெரியாதே, எப்படிச் சமாளிப்பது?"

பேச்சுக்கு அவ்வளவு பயப்பட வேண்டாம். மளிகைக் கடையிலும் ஆட்டோ ஸ்டாண்டிலும் தமிழ் புரியும். கிழக்கே போகப் போக அவர்களே தமிழில்தான் பேசுவார்கள். உங்களைத் தடுக்கப் போவது எழுத்து. பஸ் போர்டு, கரண்ட் பில், பஞ்சாயத்து நோட்டீஸ், ஆஸ்பத்திரிக் கதவில் ஒட்டிய அறிவிப்பு, ரேஷன் கடைப் பலகை எல்லாம் மலையாளத்தில் இருக்கும். பத்து வருடம் இங்கே இருந்தும் ஒரு விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுப் படியேறுகிறவர்கள் இருக்கிறார்கள். பேசத் தெரிந்துவிட்டதால் படிக்கத் தேவையில்லை என்று விட்டுவிட்டவர்கள் அவர்கள். நீங்கள் அப்படி விட்டுவிடக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஊரைத் தேர்ந்தெடுங்கள்

பாலக்காடு என்று பொதுவாகச் சொன்னாலும் ஊருக்கு ஊர் நிலைமை வேறு. 1956 நவம்பர் 1 அன்று கேரளம் உருவாகும்வரை பாலக்காடு சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது. பக்கத்திலேயே இருக்கும் சித்தூரோ கொச்சி சமஸ்தானத்தைச் சேர்ந்தது. இங்குள்ள தமிழர்கள் பலரும் நேற்று வந்தவர்கள் அல்லர். சித்தூர் தாலுகாவின் கொங்கு விவசாயக் குடும்பங்கள், நகரத்து ராவுத்தர்கள், கல்பாத்தி முதலான அக்கிரகாரத்துக்காரர்கள், நெசவாளர்கள் என்று தலைமுறை தலைமுறையாக வேரூன்றியவர்கள். ஒவ்வொருவர் தமிழும் ஒவ்வொரு மாதிரி இருக்கும்.

கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் ஆகிய கிழக்குப் பகுதி ஊர்களில் தமிழ் தாராளமாகப் புழங்குகிறது. வீட்டில் எல்லோருக்கும் தமிழ் மட்டும்தான் தெரியும், பெரியவர்களும் கூட வருகிறார்கள் என்றால் முதல் வருடம் கொழிஞ்சாம்பாறையில் இருங்கள் என்பேன். பாலக்காடு–பொள்ளாச்சி சாலையில் இருப்பதால் இரு பக்கமும் பஸ் உண்டு. சித்தூரும் கொல்லங்கோடும் மலையாளம் மேலோங்கிய ஊர்கள். அங்கே போனால் மொழி சீக்கிரம் வரும், ஆனால் தொடக்கம் கொஞ்சம் கஷ்டம். கஞ்சிக்கோடு தொழிற்பேட்டை ஊர். தமிழ், மலையாளம், இந்தி, வங்காளம் எல்லாம் டீக்கடையிலேயே கேட்கும். ஐ.ஐ.டி.யும் அங்கேதான். தேசிய நெடுஞ்சாலை 544 பக்கத்திலேயே போகிறது, ரயில் நிலையமும் இருக்கிறது. கோவையில் ஒருவர், இங்கே ஒருவர் என்று வேலை பார்க்கும் தம்பதிக்குப் பொருத்தமான இடம்.

நகரத்தில் வீடு பார்க்கிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். பாலக்காடு ஜங்ஷன் ரயில் நிலையம் நகரின் நடுவில் இல்லை, ஒலவக்கோட்டில் இருக்கிறது. பொள்ளாச்சிப் பாதையில் இருப்பது பாலக்காடு டவுன் நிலையம். டிக்கெட் எடுக்கும்போது இரண்டையும் குழப்பிக்கொண்டு ஓடுகிறவர்களை அடிக்கடி பார்க்கலாம்.

சித்தூரில் குடியேறுகிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை: ஆந்திரத்திலும் ஒரு சித்தூர் இருக்கிறது. ஆன்லைனில் முகவரி நிரப்பும்போது மாவட்டம் பாலக்காடு, மாநிலம் கேரளம் என்று தேர்ந்தெடுத்தீர்களா, பின்கோடு 678 என்று தொடங்குகிறதா என்று பாருங்கள். பார்சல் திருப்பதிப் பக்கம் போய்விட்டுத் திரும்புவதற்குள் மாதம் ஓடிவிடும்.

வீடு பார்க்கும்போது

முதல் கேள்வி தண்ணீரைப் பற்றி இருக்கட்டும். கேரளம் என்றாலே பச்சைப்பசேல் என்ற நினைப்பில் வருகிறவர்கள் கிழக்குப் பஞ்சாயத்துகளின் கோடையைப் பார்த்துத் திகைத்துப்போகிறார்கள். கரிசல் மண், மழை குறைவு, ஆழத்தில்தான் நிலத்தடி நீர். சித்தூர்ப் புழைக்கு (புழை என்றால் ஆறு) வரும் தண்ணீரே பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தத்தின்படி மணக்கடவு அணைக்கட்டில் ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. என்று கணக்கிட்டு விடப்படுவது. அதனால் கிணறா, போர்வெல்லா, வாட்டர் அத்தாரிட்டி இணைப்பா, மார்ச் ஏப்ரலில் எத்தனை நாளுக்கு ஒரு தடவை தண்ணீர் வரும் என்று கேளுங்கள். வீட்டுக்காரரிடம் மட்டும் கேட்டால் போதாது, பக்கத்து வீட்டு அக்காவிடமும் கேளுங்கள்.

வாடகைச் சீட்டை முத்திரைத்தாளில் எழுதி வாங்குங்கள், 11 மாதத்துக்குப் போடுவது வழக்கம். அதில் வீட்டின் பஞ்சாயத்து எண் வார்டு நம்பர், வீட்டு நம்பர் என்று இரண்டாகப் பிரிந்து இருக்கும். உள்ளாட்சித் தேர்தலுக்கு முன் வார்டுகளை மறுவரையறை செய்ததில் பல வீடுகளுக்குப் பழைய எண் மாறியிருக்கிறது. புது எண்ணையே சீட்டில் எழுதச் சொல்லுங்கள். வீட்டுக்கு ஒரு பெயர் இருந்தால் அதுவும் சீட்டில் வரட்டும். இங்கே முகவரி கேட்டால் தெருப்பெயரை விட வீட்டுப்பெயரைத்தான் முதலில் கேட்பார்கள்.

மின்கட்டணம் நம் ஊர் போல இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை. ஆனால் தமிழ்நாட்டில் கிடைக்கும் 100 யூனிட் இலவசம் இங்கே இல்லை, பட்ஜெட்டில் அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பில்லில் இருக்கும் கன்ஸ்யூமர் நம்பரைக் குறித்து வையுங்கள், ஆன்லைனில் பணம் கட்ட அது போதும். ஹரித கர்ம சேனைப் பெண்கள் மாதாமாதம் பிளாஸ்டிக் கழிவை வாங்க வாசலுக்கு வருவார்கள். கழுவிக் காயவைத்துக் கொடுக்க வேண்டும், மாதக் கட்டணமும் உண்டு. ரசீதைத் தூக்கிப் போட வேண்டாம், பஞ்சாயத்தில் வேறு வேலைக்குப் போகும்போது கேட்பார்கள்.

சாமான் ஏற்றி வருவது பெரிய விஷயமில்லை. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்ததும் வாளையாற்றில் வணிகவரிச் சோதனைச் சாவடி எடுக்கப்பட்டது. புழங்கிய வீட்டுச் சாமானுக்கு இ-வே பில் தேவையில்லை. மோட்டார் வாகனத் துறையும் கலால் துறையும் வண்டியை நிறுத்திப் பார்க்கலாம். சாமான் பட்டியல் ஒன்றைக் கையில் எழுதி டிரைவரிடம் கொடுத்துவிடுங்கள், போதும்.

எழுத்தைப் படியுங்கள், முதல் மாதமே

தமிழ் படிக்கத் தெரிந்தவருக்கு மலையாள எழுத்து தொலைவில் இல்லை. உ, எ, ண, த, ற ஆகியவற்றின் ஜாடை ஒட்டும். உயிர்மெய்க் குறிகள் இன்னும் நெருக்கம்: ஆகாரத்துக்குக் கால், எகர ஏகாரத்துக்கு எழுத்துக்கு முன்னால் கொம்பு, ஒகரத்துக்கு முன்னால் கொம்பும் பின்னால் காலும்.

சிக்க வைப்பது கூட்டெழுத்து. நாம் புள்ளி வைத்து இரண்டு எழுத்தாக எழுதுவதை அவர்கள் ஒன்றோடொன்று பிணைத்து ஒரே எழுத்தாக எழுதுகிறார்கள். கொல்லங்கோடு ரயில் நிலையப் பெயர்ப்பலகையை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் கொம்பும் காலும் நடுவில் 'க'வும், அது பார்த்ததும் புரியும். அடுத்து 'ல்ல', இரண்டு லகரம் சேர்ந்து ஒரே உருவம். அப்புறம் 'ங்க' இன்னொரு பிணைப்பு, அதோடு ஓகாரக் குறி. கடைசியில் 'ட', அதன் தலையில் சின்னப் பிறை. அந்தப் பிறைதான் நம் புள்ளி. நாம் 'டு' என்று முடிக்கும் ஊர்ப்பெயர்களை அவர்கள் பிறை வைத்து முடிப்பார்கள். பாலக்காடு, கஞ்சிக்கோடு, ஒலவக்கோடு என்று எல்லாவற்றிலும் இதே முடிவு வரும். வாலை நீட்டியது போல முடியும் சில எழுத்துகள் இருக்கின்றன, அவை ன், ல், ர், ள், ண். இவ்வளவு பிடிபட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

பாடப்புத்தகத்தை விட ஊர்ப்பெயர்களை வைத்துக் கற்பது சுலபம், ஏனென்றால் விடை உங்களுக்கு முன்பே தெரியும். பொள்ளாச்சியிலிருந்து வரும் ரயிலில் மீனாட்சிபுரம், முதலமடை, கொல்லங்கோடு, புதுநகரம், பாலக்காடு டவுன் என்று நிலையம் நிலையமாக மலையாளமும் ஆங்கிலமும் ஒரே பலகையில் நிற்கின்றன. ஜன்னலோரம் உட்கார்ந்து வாசித்துக்கொண்டே வாருங்கள். அடுத்து பஸ் போர்டு, அதற்கடுத்து கடைப் பெயர்கள். கடைப் பெயர்களில் பாதி ஆங்கிலச் சொல்லாகவே இருக்கும், மெடிக்கல்ஸ், பேக்கரி, டெக்ஸ்டைல்ஸ் என்று. அதுவும் நல்ல பயிற்சி.

அப்புறம் நம் இ-சேவை மையம் போன்ற அக்ஷய மையத்தில் ஒரு பழைய விண்ணப்பப் படிவத்தை வாங்கி வீட்டில் வைத்துப் படியுங்கள். பேரு, மேல்விலாசம், வீட்டுப் பேரு, வார்டு, ஜனனத் தீயதி, ஒப்பு: எல்லாம் நமக்குப் புரிகிற சொற்கள்தான். மேல்விலாசம் முகவரி, தீயதி தேதி, ஒப்பு கையெழுத்து. நிலம் வாங்கும் எண்ணம் இருந்தால் இன்னும் சில தெரிய வேண்டும். கிரயப் பத்திரத்தை ஆதாரம் என்பார்கள், ஆதார் அட்டை என்று நினைத்துவிடாதீர்கள். பட்டா மாறுதலுக்குப் போக்குவரவு என்று பெயர். நிலவரி, வீட்டுவரிக்கு நிகுதி அல்லது கரம்.

காகிதங்கள்: எதை மாற்றுவது, எதை மாற்றாமல் வைப்பது

ஆதார் முகவரியை முதலில் மாற்றுங்கள், மற்றதெல்லாம் அதன் பின்னால் வரும். அதற்கு அக்ஷய மையத்துக்குப் போகலாம், அந்தத் திட்டம் 2002இல் மலப்புறத்தில் தொடங்கி மாநிலம் முழுக்கப் பரவியது. வாக்காளர் பட்டியலில் இடம் மாற்றப் படிவம் 8.

பெயரை எழுதும் முறை எல்லா அட்டையிலும் ஒன்றுபோல் இருக்கட்டும். நாம் இனிஷியலை முன்னால் போடுகிறோம், இங்கே பின்னால் போடுவார்கள். ஓர் அட்டையில் முன்னும் மற்றொன்றில் பின்னும் இருந்தால் 'இருவரும் ஒருவரே' என்று சான்று வாங்க வில்லேஜ் ஆபீசுக்கு நடக்க வேண்டி வரும்.

ரேஷன் கார்டில் அவசரம் வேண்டாம், உட்கார்ந்து கணக்குப் பாருங்கள். முன்னுரிமைக் குடும்ப அட்டையாக இருந்தால் 'ஒரே நாடு ஒரே ரேஷன்' திட்டத்தில் தமிழ்நாட்டு அட்டையை வைத்தே கேரளக் கடையில் கைரேகை வைத்து அரிசி வாங்கலாம். முன்னுரிமையில்லாத அட்டைக்கு அந்த வசதி இல்லை. அட்டையை இங்கே மாற்றினால் மகளிர் உரிமைத் தொகை போன்ற தமிழ்நாட்டு உதவிகள் போய்விடும். நிரந்தரமாக இங்கேதான் என்று தெரிந்தால் மாற்றிவிடுங்கள். மஞ்சள், பிங்க், நீலம், வெள்ளை என்று நான்கு நிறம் உண்டு, வருமானத்தையும் குடும்ப நிலையையும் பொறுத்து நிறம் அமையும். இரண்டு பக்கமும் அட்டை வைத்துக்கொள்வது குற்றம். அதைச் 'சும்மா இருக்கட்டும்' என்று சொல்லித் தருகிறவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள்.

பிள்ளைகளின் பள்ளி

இதில் நிறையக் குடும்பங்கள் தெரியாமல் இழப்பதைப் பார்த்து மனம் நோகிறது. பெட்டி கட்டுவதற்கு முன்பே பேசி முடிவெடுக்க வேண்டிய விஷயம் இது.

தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தவர்களுக்குத்தான் மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு இடஒதுக்கீடு. மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களுக்கும் தமிழ்நாட்டில் 6 முதல் 12 வரை படித்திருக்க வேண்டும். எட்டாம் வகுப்பில் பிள்ளையை இங்கே கொண்டுவந்து சேர்த்தால் அந்த வழி அடைபடும். பொள்ளாச்சி ஆனைமலைப் பக்கம் பள்ளியை வைத்துக்கொண்டு எல்லைக்கு இந்தப் பக்கம் குடியிருக்கும் குடும்பங்கள் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். சாதிச் சான்றிதழும் அப்படியே. தமிழ்நாட்டில் வாங்கியதை வைத்துக் கேரள மாநில இடஒதுக்கீட்டைக் கேட்க முடியாது.

சிறு பிள்ளைகளை இங்கே சேர்ப்பதில் தயக்கம் வேண்டாம். சித்தூர் தாலுகாவில் தமிழ்வழி வகுப்புள்ள பள்ளிகள் இருக்கின்றன. கேரள எஸ்.சி.இ.ஆர்.டி. (மாநிலக் கல்வி ஆராய்ச்சி நிறுவனம்) தமிழில் பாடநூல் அச்சிடுகிறது, எஸ்.எஸ்.எல்.சி. வினாத்தாளும் தமிழில் கிடைக்கும். தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தர வசதி செய்ய வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 350ஏ பிரிவே சொல்கிறது. தமிழ்வழியில் சேர்த்தாலும் மலையாளத்தையும் பிள்ளைகள் நன்றாகப் படிக்கட்டும். நம் டி.என்.பி.எஸ்.சி. போன்ற கேரள பி.எஸ்.சி. தமிழும் மலையாளமும் தெரிந்தவர்களுக்கென்றே பாலக்காட்டில் எல்.டி. கிளார்க் பணிக்குத் தேர்வு நடத்துகிறது. இரண்டு மொழியும் எழுதத் தெரிந்த பிள்ளைக்கு இந்த எல்லையில் வேலை இருக்கிறது.

சேர்க்கும்போது பள்ளியில் நேரடியாகக் கேளுங்கள்: தமிழ்வழி எந்த வகுப்புவரை இருக்கிறது? தமிழாசிரியர் பணியிடம் நிரப்பப்பட்டிருக்கிறதா? பலகையில் தமிழ்வழி என்று இருந்து, வகுப்பில் ஆசிரியர் இல்லாவிட்டால் பிள்ளைக்கு வருடம் வீணாகிவிடும்.

அலுவலகத்தில் தமிழில் மனு

1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழ், கன்னட மொழிச் சிறுபான்மையினருக்குத் தனி உரிமை தருகிறது. தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைவர்களுக்கும் தமிழில் எழுதலாம். மொழிச் சிறுபான்மைப் பகுதி என்று அரசு அறிவித்த இடங்களில் உள்ள அலுவலகங்களுக்கும் எழுதலாம். பதிலும் தமிழில் வர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது.

இந்த உரிமையைப் பயன்படுத்துங்கள். பயன்படுத்துகிறவர்கள் குறையக் குறைய, தமிழ் தெரிந்த ஊழியர் தேவையில்லை என்று ஆகிவிடும். மனுவின் தலைப்பிலேயே இச்சட்டத்தைக் குறிப்பிட்டு, நகலில் பெற்றுக்கொண்ட முத்திரை வாங்கி வையுங்கள். பதில் மலையாளத்தில் வந்தால் தமிழில் தரும்படி இன்னொரு கடிதம் எழுதுங்கள். அவசரமான வேலை என்றால் மட்டும், தமிழ் மனுவோடு மலையாளத்தில் எழுதிய ஒரு பக்கச் சுருக்கத்தையும் சேர்த்துக் கொடுங்கள், வேலை வேகமாக நகரும். எதற்குப் போனாலும் வார்டு மெம்பரை முதலில் பார்த்துப் பேசிவிடுவது இந்த ஊர் வழக்கம், பெரும்பாலும் உதவுவார்கள்.

பஸ்ஸும் ஆஸ்பத்திரியும்

உக்கடத்திலிருந்து வரும் பஸ் பாலக்காட்டில் கே.எஸ்.ஆர்.டி.சி. (கேரள அரசு பஸ்) ஸ்டாண்டுக்குப் போகும். தனியார் பஸ்கள் நிற்கும் ஸ்டேடியம் ஸ்டாண்ட் தனி. தனியார் பஸ்ஸில் பெண்கள் முன்வாசலில் ஏறுவது வழக்கம். தமிழ்நாட்டு டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இருக்கும் கட்டணமில்லாப் பயணம் இங்கே கிடையாது. மாணவர்களுக்குத் தனியார் பஸ்ஸிலும் சலுகைக் கட்டணம் உண்டு, பள்ளி அடையாள அட்டையை எடுத்துப் போகட்டும். ஹர்த்தால் அறிவித்திருக்கிறார்களா என்று முந்தின நாளே செய்தியில் பாருங்கள்.

காய்ச்சல் தலைவலிக்குப் பஞ்சாயத்தின் ஆரோக்கிய மையமே போதும். ஓ.பி. சீட்டு காலையில் சீக்கிரம் எடுக்க வேண்டும். பெரியவர்களின் பழைய மருந்துச் சீட்டுகளைக் கையோடு எடுத்துப் போங்கள்.

அக்கம்பக்கம்

இங்கே அறிமுகமில்லாதவரையும் சேட்டா, சேச்சி என்று கூப்பிடுவார்கள். நீங்கள் அண்ணா, அக்கா என்றாலும் ஏற்றுக்கொள்வார்கள். மலையாளிகள் தமிழ் பேசும்போது 'சார் எப்ப வந்தான்?' என்பது போலக் காதில் விழும். மலையாள வினைச்சொல்லில் மரியாதை விகுதி இல்லாததால் வருகிற பழக்கம் அது. மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

ஓணத்துக்கு அக்கம்பக்கத்தில் கூப்பிட்டால் இலையில் உட்காருங்கள். தைப்பொங்கலுக்குப் பாலக்காடு, இடுக்கி, திருவனந்தபுரம் உட்பட ஆறு மாவட்டங்களில் உள்ளூர் விடுமுறை விடுகிறார்கள். அன்று நீங்கள் கூப்பிடுங்கள். மாசியில் சித்தூர் பகவதி கோயிலில் கொங்கன்படை நடக்கும். படையெடுத்து வந்த கொங்கு அரசனை அம்மன் வென்றதாகச் சொல்லும் விழா அது. கொங்கு நாட்டுக்காரர்கள் தாராளமாகப் போகலாம், ஊரே சேர்ந்து நடத்தும் திருவிழா.

ஓராண்டு முடியுமுன்: வண்டி

தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட வண்டியை 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் மோட்டார் வாகனச் சட்டப்படி மறுபதிவு செய்ய வேண்டும். பழைய ஆர்.டி.ஓ.வில் தடையில்லாச் சான்று வாங்கி, பரிவாகன் தளத்தில் விண்ணப்பித்து, இங்கே வரி கட்ட வேண்டும். பாலக்காட்டுக்குக் கே.எல். 09, சித்தூருக்குக் கே.எல். 70. வண்டிக்கடன் பாக்கியிருந்தால் வங்கியின் சம்மதக் கடிதமும் வேண்டும், அதற்கே நாள் பிடிக்கும் என்பதால் ஒன்பதாவது பத்தாவது மாதத்திலேயே தொடங்குங்கள். புது ஆர்.சி. வந்ததும் அதன் நகலோடு பழைய ஆர்.டி.ஓ.வில் எழுதிக் கொடுத்தால், தமிழ்நாட்டில் கட்டிய ஆயுள் வரியில் மீதிக் காலத்துக்கு உரியதைத் திரும்பக் கேட்கலாம். வரி கட்டிய ரசீதைப் பத்திரமாக வைத்திருங்கள்.